கிளார்க்ஸ் டேபிளுக்குள் ஒரு வரைபடம்

இது நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம். முழுதும் படிக்காமலே "அருமை சார்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் இருந்தீர்கள்.

கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருக்கிறான். ஜூனில் எட்டாம் வகுப்பு போகிறான். கையோடு நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றும் வந்திருக்கிறது. வந்த அன்று மத்தியானம் ஊஞ்சலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவனை எட்டிப் பார்த்தேன். திரையில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்று இருந்தது.

"இதுல தரையிலேர்ந்து முள்ளு வருமா? மெதுவா நடந்து போனா குத்தாதா?" என்று கேட்டுவிட்டேன்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தான். "தாத்தா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவனுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த மீதியில் உங்களில் ஒருவர் இருக்கிறார்.

முதலில் ஒப்புதல் வாக்குமூலம். கம்ப்யூட்டர் அறையில் கேம் ஆடிப் பிடிபட்டு என்னிடம் குட்டு வாங்கியவர்கள் ஐம்பது பேராவது இந்தப் பதிவைப் படிப்பீர்கள். அந்த வருடங்கள் முழுக்க நானும் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். 1994ல் ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை. என் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும். உங்களுக்கு மட்டும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் சரியில்லை என்பது பின்னால் வரும்.

அந்த அறை உங்களுக்கு நினைவிருக்கும். கணக்கு வாத்தியார்களில் வயது குறைந்தவன் என்பதால் சாவி என்னிடம் வந்தது. ஆறு மெஷின். பள்ளியிலேயே ஏசி உள்ள ஒரே அறை. தலைமையாசிரியர்கூட வெயில் காலத்தில் "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார். செருப்பை வெளியே விட வேண்டும், இல்லையென்றால் வைரஸ் வந்துவிடும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அதை நம்பியவர்கள் இன்று மென்பொருள் நிறுவனங்களில் பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். மன்னிக்கவும்.

ஆறில் ஐந்துக்குக் கறுப்பு வெள்ளைத் திரை. ஒன்றுக்கு மட்டும் கலர். கலர்த் திரை என் மேசையில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்ட்ஸ்டார், லோட்டஸ், ஜி.டபிள்யூ. பேசிக் என்று பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஃப்ளாப்பி வழியாக ஆட்டங்கள் உள்ளே வந்துவிட்டன. முதலில் வந்தது டேவ். தங்கக் கோப்பையை எடுத்துக்கொண்டு கதவுக்கு ஓடுவானே, சிவப்புத் தொப்பிக்காரன், அவன்தான். அதைத் தனியாளாக எழுதிய ஜான் ரொமேரோ பின்னால் 'டூம்' செய்து உலகப் புகழ் பெற்றார். அமெரிக்காவில் 'டூம்' என்றால் ரொமேரோ. நம் ஊர்ப் பள்ளிகளில் படித்தவர்களுக்கோ 'டேவ்' என்றால்தான் முகம் மலரும். டேவ் ஃபைலுக்கு 'மார்க்ஸ்' என்று பெயர் மாற்றி, மறைவாக்கி வைத்தவன் 10பி-யில் இருந்தான். மறைந்த ஃபைல்களைக் காட்டும் கட்டளை எனக்கும் தெரியும் என்பதை அவன் எதிர்பார்க்கவில்லை.

கண்டுபிடித்த ஆட்டத்தை எல்லார் முன்னாலும் அழிப்பேன். அழிப்பதற்கு முன் என் மெஷினில் ஒரு காப்பி எடுத்துக்கொள்வேன். டேவ், டிக்கர், டெட்ரிஸ் எல்லாம் அப்படித்தான் என்னிடம் சேர்ந்தன. பள்ளி விட்டதும் "வைரஸ் செக் பண்ணிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு ஆறரை வரைக்கும் இருப்பேன். வாட்ச்மேன் அண்ணாச்சி என்னைப் பெரிய உழைப்பாளி என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். அதனாலேயே வீட்டில் எனக்கு மரியாதை கூடியது.

அந்த நாட்களில் ஆட்டத்தை வைத்து ஒரே ஒரு நல்ல காரியம் செய்தேன். ஒன்பதாம் வகுப்பில் அட்டையில் ஏழு துண்டுகள் வெட்டி வரச் சொன்னது நினைவிருக்கிறதா? ஒவ்வொன்றிலும் நான்கு கட்டம், ஆக 28 கட்டம். இவற்றைக்கொண்டு 4-க்கு 7 செவ்வகத்தை நிரப்புங்கள் என்றேன். ஒரு வாரம் முழுக்க முயன்றீர்கள். பிறகு சதுரங்கப் பலகைபோலக் கறுப்பு வெள்ளை அடித்துக் காட்டினேன். ஆறு துண்டுகள் எப்படி வைத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மூடும். 'டி' வடிவத் துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்றை மூடும். ஆக 15-ம் 13-ம் வரும். செவ்வகத்திலோ 14-ம் 14-ம். நடக்கவே நடக்காது. அந்த ஏழும் டெட்ரிஸ் துண்டுகள். "ஒரு புதிர் புத்தகத்தில் பார்த்தேன்" என்று பொய் சொல்லியிருந்தேன்.

டெட்ரிஸ் என்றதும் ஒன்று. 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய ஆட்டம் அது. பழைய பதிப்புகளில் அடுத்து எந்தத் துண்டு விழும் என்பது குருட்டு அதிர்ஷ்டம். நீளக் குச்சிக்காக நாற்பது துண்டு வரை காத்திருந்து செத்திருக்கிறேன். இப்போது வரும் பதிப்புகளில் ஏழு துண்டுகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, ஏழும் தீர்ந்த பிறகே அடுத்த பை. குச்சி கட்டாயம் வரும். இன்னொரு துண்டை ஓரமாக எடுத்து வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. இதைப் பழைய ஆட்கள் திட்டுகிறார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. பழசு என்பதற்காகவே எல்லாவற்றையும் தூக்கிவைத்துக் கொண்டாடும் கட்சியில் நான் இல்லை.

இனி பிரின்ஸ்.

1996 வாக்கில் அது நம் அறைக்கு வந்தது. முதல் நாள் நான் ஆடவே இல்லை. அவனை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். டேவ் ஒரு பொம்மை. இவன் மனிதன். ஓடினால் நிற்க ஓர் அடி கூடுதலாக எடுத்தான். விளிம்பில் தொங்கினால் உடம்பு ஊசலாடியது. உயரத்திலிருந்து குதித்தால் முழங்கால் மடங்கியது. அது எப்படி வந்தது என்று பல வருடம் கழித்துத்தான் படித்தேன். ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை மாட்டிவிட்டு ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்திருக்கிறார். அதை ஒவ்வொரு படமாகப் பிரித்து, கோட்டுருவம் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறார். கத்திச் சண்டைக்கு 1938ல் வந்த ராபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சியைப் பார்த்து வரைந்தார். இசை அவர் அப்பா. குடும்பத் தொழில் மாதிரி செய்த ஆட்டம். 1989ல் ஆப்பிள் 2-வில் வந்தபோது சரியாக விற்கவில்லை. அந்த மெஷினுக்கே அப்போது வயதாகிவிட்டது. மற்ற கம்ப்யூட்டர்களுக்குப் போன பிறகுதான் பெயர் எடுத்தது.

அதில் வரும் நிழல் மனிதனை மறந்திருக்க மாட்டீர்கள். நான்காம் லெவலில் கண்ணாடியைப் பாய்ந்து உடைத்துக்கொண்டு போனால் மறுபக்கம் உங்களைப் போலவே ஒருவன் குதித்து ஓடுவான். அவன் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த மெஷினின் நினைவகத்தில் எதிரிக்கென்று தனிப் படங்கள் வைக்க இடம் இல்லை. உடன் வேலை செய்த தோழி ஒருவர், எதிரி இல்லாத ஆட்டம் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளி வைத்து, அதிலிருந்தே கழித்தால் மினுமினுவென்று ஒரு நிழல் உருவம் கிடைத்தது. செலவில்லாத எதிரி. காவலர்களுக்கு இடம் பிற்பாடு கண்டுபிடித்தார். இடம் இல்லாததால் வந்த அந்த நிழல்தான் ஆட்டத்தின் உயிர் என்பது என் கருத்து.

மொத்தம் 12 லெவல். 60 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்து உள்ளே போய் லெவல் தாண்டியவர்கள் எல்லாம் கை தூக்குங்கள். அந்தக் குறுக்கு வழியைப் பற்றி எனக்கு அன்றைக்கே தெரியும். ஏதோ ரஜினி படம் என்று நினைத்துக்கொண்டு நான் பேசாமல் போனதாகச் சொல்லி நீங்கள் சிரித்ததும் தெரியும்.

இப்போது சொல்ல வந்த விஷயம்.

1997ல் பதினோராம் வகுப்பில் ஒருவன் இருந்தான். பெயர் சொல்லப்போவதில்லை. அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டான், கணக்கில் சுமார். ஒரு நாள் வகை நுண்கணிதம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவன் கை மட்டும் வேறு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் கிராஃப் நோட்டில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் தலைப்பில் எண். 1, 2, 3 என்று 9 வரை. படிக்கட்டு மாதிரி கோடுகள், அம்புக்குறிகள், சின்னச் சின்ன எழுத்துகள். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, பிரின்ஸ் வரைபடம். உள்ளுக்குள் "அட" என்றுதான் தோன்றியது. வாயில் வேறு வந்தது.

"கணக்கு போடற நோட்டுல பேய் வீடு கட்டுறியா?" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. நோட்டைப் பிடுங்கி அந்த ஒன்பது பக்கங்களையும் கிழித்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை குறுக்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பையில் ஃப்ளாப்பி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. அடுத்த லேப் வகுப்பில் அதை எல்லார் முன்னாலும் ஃபார்மேட் செய்தேன். சதவீதம் ஏறுவதை அவன் பக்கத்தில் நின்று பார்த்தான். ஆடிச் சேமித்து வைத்திருந்ததெல்லாம் அதில்தான் இருந்தது.

அவனுக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று நான் அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்கலாம். முப்பது பேருக்கு ஐந்து மெஷின். சாப்பாட்டு வேளையில் டைப்பிங் பழகுகிறேன் என்று சொல்லி ஒளிந்து ஆடினாலும் வாரத்துக்கு இருபது நிமிடம் தேறாது. அத்தனை குறைவான நேரத்தில் ஒன்பதாம் லெவல் வரை போக வேண்டுமானால் மெஷின் இல்லாத நேரத்தில் பேப்பரில் ஆடியாக வேண்டும். அதைத்தான் அவன் செய்துகொண்டிருந்தான்.

அன்று மாலை வகுப்பறையைப் பூட்ட வந்த அண்ணாச்சியை "நான் பூட்டிக்கிறேன்" என்று அனுப்பினேன். குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் துண்டுகளைப் பொறுக்கினேன். வீட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டினேன். நான் அப்போது ஆறாம் லெவலைத் தாண்ட முடியாமல் இருந்தேன். அவன் வரைபடத்தை வைத்துத்தான் ஏழு, எட்டு, ஒன்பது எல்லாம் தாண்டினேன். எட்டாம் லெவலில் வழி அடைத்துப்போய் நிற்கும்போது ஒரு வெள்ளை எலி வந்து கதவைத் திறக்கும். அந்த இடத்தில் "இங்கே சும்மா நில்" என்று எழுதியிருந்தான். அவன் எழுதியிராவிட்டால் நான் நின்றிருக்க மாட்டேன்.

ஒட்டும்போது ஒன்று கவனித்தேன். குப்பி இருக்கும் இடங்களில் சிலவற்றில் 'வி' என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். எதற்கு என்று புரியவில்லை. ஆட்டத்தில் சிவப்புக் குமிழி வரும் குப்பி உயிர் கொடுக்கும், நீலக் குமிழி உயிர் எடுக்கும். பார்த்தாலே தெரியுமே, எழுதி வைப்பானேன்? இரண்டு நாள் கழித்து மாணவர்கள் பக்கத்து மெஷினில் போட்டுப் பார்த்தேன். கறுப்பு வெள்ளைத் திரை. எல்லாக் குமிழியும் சாம்பல் நிறம். எது விஷம் என்பதை அவன் ஒவ்வொன்றாகக் குடித்துச் செத்துத்தான் தெரிந்துகொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகும் நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் லெவலில் அந்த நிழல் மறுபடியும் வரும். கத்தியை உருவிக்கொண்டு எதிரே நிற்கும். அதைக் குத்தினால் நமக்கு உயிர் குறையும். அதைக் கொன்றால் நாமும் சாவோம். மூன்று மாதம் அங்கேயே நின்றேன். எத்தனையோ சாயங்காலங்கள். 1998 பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. அறையில் இட நெருக்கடி, அவனுக்கு என் மேசை மெஷின் கிடைத்தது. ப்ரோக்ராம் போட்டு முடித்தான், பிரிண்ட் எடுத்தான், தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். போகும்போது குரலைத் தாழ்த்தி, "சார், கத்திய உள்ள வெச்சிருங்க சார். சண்டை போடாதீங்க. அப்படியே நேரா அவன்மேல போங்க" என்றான்.

பிரின்ஸ் சேமித்த ஃபைல் என் மெஷினில் கண்ணெதிரே கிடந்திருக்கிறது. டைரக்டரியைப் பட்டியல் போட்டபோது பார்த்திருக்கிறான். எந்த லெவல் என்றும் பார்த்திருப்பான். முந்தின கோடை விடுமுறையில் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் எடுபிடி வேலைக்குப் போய், அங்கே ஆட்டத்தை முடித்துவிட்டான் என்று பிறகு வேறு பையன்கள் சொன்னார்கள். அவன் குரலில் கேலி இருந்ததா என்று பல முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. மூன்று மாதமாக ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டு நிற்பவனுக்கு வழி சொல்கிற குரல் அது. நான் "ம்" என்றேன். அவ்வளவுதான்.

மாலையில் கத்தியை உறையில் போட்டேன். நிழலும் போட்டது. நேராக நடந்தேன். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதற்கு அப்புறம் வெறும் பள்ளம், கால் வைக்க வைக்கத் தரை முளைத்தது.

இந்தப் பழைய ஆட்டங்களுக்கு இப்போது பெரிய மவுசு. தூசு தட்டி, வர்ணம் பூசி, மறுபடியும் விற்கிறார்கள். நானும் ஒன்று விடாமல் வாங்கிப் பார்த்துவிட்டேன், பென்ஷனில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அனுபவஸ்தன் என்ற முறையில் சில வார்த்தை.

2007ல் பழைய பிரின்ஸையே புதுப் படங்களோடு 'கிளாசிக்' என்று கொண்டுவந்தார்கள். பின்னால் போனிலும் வந்தது. அதே அரண்மனை, அதே முள், வெளிச்சம் நிழல் எல்லாம் பிரமாதம். ஆனால் கண்ணாடித் திரையில் விரலால் தடவி ஓடுகிறவன் கையில் நிற்கவில்லை. எனக்கு அது கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கல் தூணுக்கெல்லாம் எனாமல் பெயிண்ட் அடித்தது மாதிரி இருந்தது. இரண்டு நாளில் விட்டுவிட்டேன்.

அதைவிட எனக்குப் பிடித்தது ரசிகர்கள் செய்த வேலை. பழைய டாஸ் ஆட்டத்தைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துப் படித்து, இன்றைய கம்ப்யூட்டரில் அப்படியே ஓடும்படி எழுதி, இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். மெக்னரின் மூல நிரலும் ஒரு கதை. தொலைந்துவிட்டது என்றே அவர் நினைத்திருந்தார். 2012ல் அவர் அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டிக்குள் அந்தப் பழைய ஃப்ளாப்பிகளைக் கண்டெடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் கிடந்த ஃப்ளாப்பி. விஷயம் தெரிந்தவர்கள் பழைய மெஷின்களோடு வந்து பக்குவமாகப் படித்து எடுத்தார்கள். மெக்னர் அதை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சந்தோஷம்தான். கூடவே, சதவீதம் ஏறிக்கொண்டிருந்த அந்த ஃப்ளாப்பியும் ஞாபகத்துக்கு வந்தது.

பழைய ஆட்டத் தொகுப்புகளில் இப்போது 'ரீவைண்ட்' பொத்தான் வைக்கிறார்கள். பள்ளத்தில் விழுந்தால் பொத்தானை அழுத்தலாம், விழுந்தவன் மேலே ஏறி வந்துவிடுவான். ஆரம்பத்தில் எனக்கு இது பரீட்சையில் விடைத்தாளைத் திருப்பி வாங்கி எழுதுவதுபோல் பட்டது. 2003ல் வந்த 'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' பிரின்ஸில் இதே வசதி உண்டு. ஆனால் அங்கே அது கதைக்குள் வரும் ஒரு மந்திரக் கத்தி, மணல் இருக்கும் வரைதான் வேலை செய்யும், அளந்து செலவு செய்ய வேண்டும். அது நியாயம். சும்மா கிடக்கும் பொத்தான் நியாயமில்லை என்று பேரனிடம் வாதாடியிருக்கிறேன். போன வருடம் வலது கட்டைவிரலில் மூட்டுவலி வந்தது. இப்போது நானும் அழுத்துகிறேன். அவன் பார்க்காதபோது.

இன்னொரு வேடிக்கை, புதுத் திரையில் வேண்டுமென்றே பழைய டியூப் திரையின் கோடுகளைக் கொண்டுவரும் வசதி. மங்கலாக்கவும் ஒரு பொத்தான். அந்தக் காலத்து ஆட்டங்கள் அந்த மங்கலை எண்ணியே வரையப்பட்டவை, ஆகவே அது வேண்டும் என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் நம் அறையின் திரையை எந்தப் பொத்தானும் கொண்டுவராது. சாம்பல் நிறக் குமிழியைப் பார்த்துக்கொண்டு, குடிக்கலாமா வேண்டாமா என்று ஐந்து பேர் கிசுகிசுத்துச் சண்டை போட்டதை எந்த நிறுவனம் மறுபதிப்புச் செய்யும்?

'சாண்ட்ஸ் ஆஃப் டைம்' ஆட்டத்தைப் புதிதாக எடுக்கப்போகிறோம் என்று 2020ல் யூபிசாஃப்ட் அறிவித்தது. வேலை கொடுக்கப்பட்டது புனே, மும்பை கிளைகளுக்கு. நம் ஆட்கள் என்று நான் துள்ளினேன். முன்னோட்டம் வந்ததும் உலகம் முழுக்க 'படம் சரியில்லை' என்று ஒரே கேலி. தேதி தள்ளிப்போய், 2022ல் வேலையே மாண்ட்ரியலுக்கு மாற்றப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் சிலராவது ஏதோ ஒரு பள்ளி அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு மெகாஹிட் அடித்தவர்களாக இருப்பார்கள். எனக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை.

2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் பழைய நிண்டெண்டோ டெட்ரிஸை 157ஆம் லெவல் வரை ஆடி, ஆட்டத்தையே உறைந்து நிற்கவைத்தான். மனிதர் யாரும் அதுவரை செய்யாதது. அந்தச் செய்தியை வாசித்த ஒரு தொலைக்காட்சி அறிவிப்பாளர், வெளியே போய்க் காற்று வாங்கு, டெட்ரிஸை ஜெயிப்பது ஒரு லட்சியமா என்கிற மாதிரி பேசினார். பலரும் அவரைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அவர் தொண்டையில் என் குரல் கேட்டது.

கடைசியாகப் பேரன் ஆடும் ஆட்டம். 2024 ஜனவரியில் வந்த 'தி லாஸ்ட் கிரவுன்'. பிரான்சில் மோன்பெலியே ஊரில் செய்தது. நாயகன் இளவரசனே இல்லை, சர்கோன் என்ற வீரன். கடத்தப்பட்ட இளவரசனைத் தேடிக் காஃப் மலைக்குப் போகிறான். பாத்திரங்கள் பாரசீக மொழியிலேயே பேசும்படி வைத்துக்கொள்ளலாம், அதில் ஆடினால்தான் அழகு. இவனுக்கு எடை கிடையாது. காற்றிலேயே திசை மாறுகிறான், சுவரில் உதைத்து ஏறுகிறான். அந்தத் தம்பி டேவிட்டின் முழங்கால் இவனிடம் இல்லை. முதல் அரை மணி நேரம் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். "தாத்தா, சும்மா பாருங்க" என்றான்.

ஓரிடத்தில் எட்டாத உயரத்தில் ஒரு பெட்டி. அதை எடுக்கும் வித்தை இன்னும் கிடைக்கவில்லை. பேரன் ஒரு பொத்தானை அழுத்தினான். அந்த இடம் அப்படியே போட்டோவாகி, வரைபடத்தில் போய்க் குத்திக்கொண்டது. "இது எதுக்கு?" என்றேன். "பின்னாடி வரும்போது மறக்காம இருக்க, தாத்தா. எங்க என்ன இருந்துச்சுன்னு நாமளே மேப்ல குறிச்சு வெச்சுக்கலாம். கொஞ்சம்தான் குடுப்பாங்க, பார்த்துச் செலவு பண்ணணும்."

இந்த ஆட்டம் வந்தபோது விமரிசகர்கள் தனியாகப் பாராட்டிய வசதி அதுதான் என்று பிறகு படித்தேன். விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை என்று அந்தக் குழுவையும் கலைத்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கு அன்று அந்த விவரம் எதுவும் தெரியாது. பேரன் வரைபடத்தை விரித்துக் காட்டினான். ஏழெட்டு இடங்களில் சின்னச் சின்னப் படங்கள் குத்தி வைத்திருந்தான். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கோபமோ என்று அவன் பயந்துவிட்டான்.

புத்தக அலமாரியில் என் பழைய கிளார்க்ஸ் டேபிள் இருக்கிறது. மடக்கை அட்டவணை பார்க்கும் தேவை எனக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். அதற்குள்தான் அந்தத் தாள்களை வைத்திருந்தேன். செல்லோடேப் பழுத்துப்போய் மஞ்சளாகிவிட்டது, தொட்டால் உரிகிறது. பென்சில் கோடு மட்டும் அழியவில்லை. பேரன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தான். "யார் போட்டது தாத்தா? நீங்களா?" என்றான். அவனுக்கு நான் சொன்ன பாதிப் பதில் இதுதான்: "என் ஸ்டூடண்ட் ஒருத்தன்." யார் கிழித்தது என்று அவன் கேட்கவில்லை.

என்னிடம் 1996-98ல் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் படித்தவர்கள் இந்தப் பதிவைப் பகிருங்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை இருக்கிறது. யாருக்காவது தொடர்பு இருந்தால் இங்கே பெயர் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். இதை அவனே படித்தால்: தம்பி, நான் செய்தது தப்பு. அன்றைக்கே தெரியும் எனக்கு. மன்னிப்புக் கேட்க 27 வருடம் எடுத்துக்கொண்டேன். உன் வரைபடம் பத்திரமாக இருக்கிறது, வந்து வாங்கிக்கொள். வர முடியாவிட்டால் விலாசம் அனுப்பு, தபாலில் அனுப்புகிறேன். பேரனும் மே கடைசி வரை இங்கேதான் இருப்பான். அவனுக்கு உன்னிடம் கேட்க நிறைய இருக்கிறதாம்.

ஒன்பதாம் லெவலின் வலது பக்க மூலை மட்டும் கிடைக்கவில்லை. கூடையைக் கவிழ்த்துத் தேடினேன், அந்த ஒரு துண்டு இல்லை.